வெண்கல அம்மன்

நிரஞ்சலா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றாள்.

உள்ளே ஒரு சாண் உயரத்தில் வெண்கலச் சிலை. எகிப்தியப் பெண் தெய்வம். தலையில் மாட்டுக்கொம்பு, மடியில் பால்குடிப் பிள்ளை. மன்னாரில் பிறந்த எனக்கு அது மாதாவும் பாலனும். திருகோணமலையில் பிறந்த அவளுக்கு அம்மன். காவலாளி அவளுடைய காலுறையையே பார்த்தான். பார்க்கட்டும்.

அல்பர்ட்ஸ்லுண்ட் ஊரின் டேனிஷ் மொழி வகுப்பிலிருந்து கொப்பன்ஹேகன் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தோம். நான் மொழிபெயர்ப்பாளர். அன்றைக்கு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஜேர்மனியிலிருந்து அவளுடைய அண்ணன் பாக்கியராசா வந்து சேரும்வரை, அவளைத் தொலைபேசிக்குக் கிட்ட விடக்கூடாது.

அவளுடைய கணவன் கோணேசன் இறந்துபோனதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஊரிலிருந்து தகவல் வந்தது. அவன் போன பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டதாம். கிடைத்ததைச் சாக்கில் கட்டித்தான் எரித்தார்களாம். இப்படியான செய்தியைப் பிறத்தியார் சொல்லக்கூடாது, கூடப்பிறந்தவன்தான் பிடித்துவைத்துச் சொல்ல வேண்டும் என்று இங்குள்ள தமிழர் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

அவனை இங்கே கூப்பிட அவள் விசாவுக்கு விண்ணப்பித்து இரண்டு வருடம். அலுவலகத்தில் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எண்பத்தொன்பதில் குடும்பத்துக்காகக் காத்திருந்த தமிழர் எல்லாருக்கும் அதே கதிதான். வழியில் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டோம், “வந்திட்டுதோ?” என்றுதான் கேட்போம்.

ரயிலில் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். குளிர், கத்தரிக்காய் விலை, என் மகளின் பல்லுவலி. கோணேசனின் பெயர் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வழிகாட்டி மனிசனுக்கு அன்றைக்கென்று கதை சொல்லும் ஆசை வந்துவிட்டது. இந்தத் தெய்வத்தின் புருஷனை எதிரி துண்டு துண்டாக வெட்டி நாடெங்கும் எறிந்தானாம். இவள் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் பொறுக்கினாளாம்.

நான் நிரஞ்சலாவைப் பார்க்காமல் வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

“காணாமல்போன புருஷனைத் தேடிக் கண்டுபிடிச்சவவாம்,” என்று தமிழில் முடித்துவிட்டேன். வகுப்பு தலையாட்டியது. நல்லகாலம், ஒருவருக்கும் அவ்வளவு டேனிஷ் விளங்காது.

நிரஞ்சலா தலையாட்டவில்லை. வழிகாட்டியைப் பார்த்து, தட்டுத்தடுமாறி, டேனிஷிலேயே கேட்டாள். எல்லாத் துண்டும் கிடைத்ததா?

ஒன்றைத் தவிர எல்லாம், அதை மீன் தின்றுவிட்டது என்றார் அவர். கேள்வி கேட்க ஒரு மாணவி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

அவள் குனிந்து சப்பாத்தைப் போட்டாள். நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பவும் கட்டினாள். முகத்தை நிமிர்த்தவேயில்லை.

“திங்கட்கிழமையிலயிருந்து ஒருத்தரும் என்னட்டை வந்திட்டுதோ எண்டு கேக்கேல்லை, அக்கா,” என்றாள். “அவரை முழுசா எடுத்தவையோ?”

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழ வேண்டும்போல் இருந்தது. கையைப் பிடித்து எழுப்பினேன்.

“ஓம் பிள்ளை, முழுசா,” என்றேன்.