கீழே வைத்த கோப்பை

"அண்ணே, அந்தம்மா கோப்பையைக் கீழே வச்சிட்டாங்க."

தம்பி சலாமா காதோரம் வந்து சொன்னதும் அவ்வாத் திரும்பிப் பார்த்தார். கூடாரத்துக் கம்பளத்தின் மேல், நார்வேக்காரப் பெண் ராக்னிலின் முன்னால் கோப்பை இருந்தது. ஊற்றிய காபி அப்படியே இருந்தது.

"குடிச்சிட்டு வச்சாங்களா?"

"ஒரு சொட்டு குறையல."

பாலைவனத்து வழக்கம் ஒன்று உண்டு. விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால், ஏதோ ஒன்று கேட்டு வந்திருக்கிறார் என்று பொருள். என்ன வேண்டும் என்று முன்கூட்டி விசாரிக்கக் கூடாது. 'குடியுங்கள், வந்த காரியம் முடிந்தது' என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தாக வேண்டும். விருந்தாளியின் காபியை ஆறவிட்ட வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் ஏழு தலைமுறைக்கும் அது போகாது.

ராக்னில் பனி நிபுணர். அவர் என்ன கேட்பார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சவூதிப் பாலைவனத்தில் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடத்தப் போகிறார்களாம். தபூக் நகரத்துப் பக்கத்து மலைகளில் வெயில் அதிகம் படாத ஒரே இடம் அவ்வாத்தின் பள்ளத்தாக்கு. பனிச்சறுக்குப் பாதைக்கு அதுதான் வேண்டும் என்று போட்டிக் குழு அதிகாரி தாமர் நான்கு முறை வந்துவிட்டார். கம்பம் நட்டு அளந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் பேச்சில்லை என்று அவ்வாத் சொல்லிவிட்டார்.

தாமரும் அவ்வாத்தைப் போலவே பதூ என்னும் பாலைவன நாடோடி இனத்தவர்தான். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயந்து, ஒவ்வொரு முறையும் 'குடிப்பேன்' என்று முதலில் சொல்ல வைத்த பிறகுதான் அவ்வாத் ஊற்றினார். இன்று தாமர் தன் காபியைச் சமர்த்தாகக் குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டு, மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கம் தெரியாம வச்சிருப்பாங்க அண்ணே," என்று முணுமுணுத்தான் சலாமா.

"எட்டு மாசமா இங்கதான் இருக்காங்க. நம்ம வழக்கமெல்லாம் அத்துப்படி," என்றார் தாமர், மலையைப் பார்த்தபடியே. மனிதருக்குப் பாம்புக் காது.

அவ்வாத் உட்கார்ந்தார். எழுந்தார். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பில் இன்னொரு விறகைத் திணித்தார். வாசலுக்குப் போய் ஒட்டகங்களை எண்ணினார். பாதியில் எண்ணிக்கை தவறியது. திரும்பி வந்து பார்த்தால் கோப்பை அங்கேயே இருந்தது. ஆவி குறைந்துகொண்டிருந்தது.

"அபூ மாஜித், இங்க கொஞ்சம் வாங்க." திரைக்குப் பின்னாலிருந்து மனைவி ஃபித்தா, மாஜிதின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லி அவ்வாத்தைக் கூப்பிட்டாள்.

"என்ன?"

"பள்ளத்தாக்கைக் கொடுத்துட்டு அறுபது ஒட்டகத்தை எங்க மேய்ப்பீங்க? தபூக்ல வீடு தர்றாங்களாமே, மூணாவது மாடியில கட்டிப் போடுவீங்களா?"

"காபி ஆறிக்கிட்டு இருக்கு, ஃபித்தா."

"பத்து சினை ஒட்டகம் நிக்குது. அந்தக் கிணத்தை விட்டா அதுங்களுக்கு வேற தண்ணி ஏது?"

"எனக்குத் தெரியாதா? அவ்வாத் வீட்டுல காபி ஆறிப்போச்சுன்னு நாளைக்குச் சந்தையில சிரிப்பாங்க. அப்புறம் நம்ம மாஜிதுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"

ஃபித்தா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சீக்கிரம் போய்ச் சொல்லுங்க. கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம், சூடா இருக்கும்போதே கொடுங்க."

அவ்வாத் திரும்பி வந்தார். ராக்னில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமர் பையிலிருந்து, பள்ளத்தாக்கை எழுதி வாங்க ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவ்வாத்துக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினார்.

"குடிங்கம்மா," என்றார். "நீங்க என்ன கேட்டு வந்தீங்களோ, அது உங்களுக்குக் கிடைச்சாச்சு. இங்க இருக்கிற எல்லாரும் சாட்சி."

"நானும் சாட்சி," என்று பேனாவைத் திறந்தார் தாமர்.

சலாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராக்னில் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தாமரோடு இதுவரை ஆங்கிலத்தில் மட்டுமே பேசிவந்தவர், இப்போது அரபியில் வாயைத் திறந்தார். ஒன்பது குளிர்காலம் லெபனான் மலைகளில் வேலை பார்த்தவராம். அந்த ஊர் இழுவை அப்படியே இருந்தது.

"ரொம்ப நன்றிங்க. நீங்க பேசுற வரைக்கும் காபியைத் தொட்டா மரியாதைக் குறைவுன்னு வண்டியில வரும்போது தாமர் சொன்னாரு. எனக்கு நாக்கு வறண்டே போச்சு."

தாமரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"நான் கேட்டு வந்தது ஒண்ணுதான். உங்க பள்ளத்தாக்குல நட்ட என் அளவுக் கம்பத்தையெல்லாம் பிடுங்கிட்டுப் போக வழி விடணும். அங்க எந்திரத்துல பனி தூவினாலும் மத்தியானத்துக்குள்ள தண்ணியா ஓடுது, போட்டிக்கு ஆகாதுன்னு காலையிலயே மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டேன்."

அவ்வாத் ராக்னிலின் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு தாமரும் கையை நீட்ட, சலாமா காபிக் கெண்டியை நகர்த்தி வைத்தான்.

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்கதான் போதும்னு ஆட்டிட்டீங்களே."