பச்சைச் சால்வை

குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் பகல் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. கப்பலுக்கு ஆளேற்றிப் போகும் படகில், பாஸ்டன் அத்தை அனுப்பிய சீட்டோடு டீலியா நிற்கிறாள். அவள் போர்த்தியிருப்பது அக்கா ஹனோராவின் பச்சைச் சால்வை. கரையில் நிற்கும் ஹனோராவுக்கு வயிறு எரிகிறது. அமெரிக்கா போகிறவர்களைச் செத்தவர்களாக எண்ணி முந்தின நாளே ஒப்பாரி வைப்பது ஊர் வழக்கம். நேற்று அம்மா மாரடித்து அழுததைப் பார்த்தபோதுகூட, எனக்கு யார் இப்படி அழுவார்கள் என்றுதான் இவளுக்குத் தோன்றியது. படம் பிடிப்பவர் ஒருவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிறார். "அக்கா, இங்க பாரு, சிரி! நீயும் படத்துல விழுவே." ஹனோரா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "போனதும் உனக்கும் சீட்டு அனுப்புறேன்க்கா. ஒரு சொட்டுக் கண்ணீராவது விடேன்!" தூரத்தில், நான்கே நாளில் மூழ்கப்போகும் கப்பல் புகை கக்குகிறது. "போடி, உனக்கு அழவேண்டியதெல்லாம் நேத்தே அழுதாச்சு" என்கிறாள் ஹனோரா.