ஒரே உதை

உறைந்த பட்டாணிப் பையை இடது கையில் துண்டால் கட்டிக்கொண்டு, வலது கையில் ஸ்பேனரோடு, வரவேற்பறைக் கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார் மேவிஸ். வயது எழுபத்தெட்டு. அவரைச் சுற்றி ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியதுபோலக் கிடந்தது.

சோபாவில் பெட்ரோல் டேங்க். டிவி மேல் ஹெட்லைட். பியானோவின் மேல் புகைக்குழாய், ஏதோ பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி.

“என்னம்மா இது?” அடிலெய்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் கார் ஓட்டி வந்திருந்த மகன் க்ளென், வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“உங்கப்பாவோட பி.எஸ்.ஏ. பைக்தான்டா. புதுசாக்க ஆரம்பிச்சுட்டேன்.”

“கையில என்ன கட்டு?”

“சுட்டுடுச்சு.”

“இதுக்குத்தான் சொல்றேன். உன்னை அடுப்புகிட்ட தனியா விட முடியல. முதியோர் இல்லத்துல ரூம் ரெடி. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும். பெட்டியைக் கட்டு.”

“கடல்ல எனக்கு என்னடா வேலை? ப்ரோக்கன் ஹில் செம்மண்ணைச் சாப்பாட்டோட சேர்த்துத் தின்னவ நான். கிறிஸ்துமஸுக்கு நீ என்ன வாக்கு கொடுத்த?”

க்ளென் பல்லைக் கடித்தான். தள்ளாத வயது என்று அம்மாவின் காரைப் பிடுங்கிக்கொண்டு போன அன்று, வாய் நிறையப் பன்றிக்கறியோடு கொடுத்த வாக்கு அது. அப்பாவின் வண்டி ஒரே உதையில் கிளம்பட்டும், அம்மாவும் கிளம்புவார். அதுவரை முதியோர் இல்லம் என்ற பேச்சே கிடையாது. அப்பா போனதிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டிதானே, ஒரு மாத வேலை என்று நினைத்துவிட்டான்.

“மறக்கலம்மா. அதான் நெவிலைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்.”

பின்னால் நின்ற நெவில் தொப்பியைக் கழற்றினார். உள்ளூர்ப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு துருப்பிடித்த இரும்பை முகர்ந்து பார்த்து எந்த வருடத்து வண்டி என்று சொல்லிவிடுவார். மனைவியின் பிறந்தநாள் மட்டும் நினைவிருக்காது.

“ஆர்ச்சியோட வண்டிக்கு நான் வராம யார் வருவா மிஸஸ் ட்ரெலோர்?” என்று ஆசையாக மண்டியிட்டவர், அப்படியே சிலையாகிப்போனார்.

மேவிஸின் முன்னால் ஒரு சிவப்பு வாளி. வண்டியிலிருந்த அத்தனை போல்ட்டும் நட்டும் வாஷரும் அதில் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன.

நெவிலின் சங்கத்தில் ஒரு திருகாணியைக் கழற்றினாலும் படம் பிடித்து, பையில் போட்டு, பெயர் எழுதி, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார்கள். அந்த டப்பாக்களைச் சேர்ப்பதற்காகவே சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொண்டவர்கள் பாதிப் பேர்.

“எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வைக்கலையா?” துக்க வீட்டில் விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“எதுக்கு?” என்ற மேவிஸ், கையிலிருந்த போல்ட்டை வாளிக்குள் எறிந்தார். பிறகு வாளியைத் தூக்கி நன்றாக ஒரு குலுக்கு குலுக்கினார்.

நெவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க நெவில், எவ்வளவு நாள் ஆகும்?” க்ளென் அவசரப்படுத்தினான். “ஒரு மாசம்?”

நெவில் கார்புரேட்டரை எடுத்து முகர்ந்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை முகர்ந்தார். நிமிர்ந்தால், மேவிஸ் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருஷம்,” என்றார் நெவில். “அதுவும் சாமான் கிடைச்சா. கிடைக்கலேன்னா மூணு.”

“மூணு வருஷமா? உங்க சங்கத்து ஆளுங்க எல்லாம் சேர்ந்து செஞ்சா?”

“சேர்ந்து செஞ்சா நாலு. ஒருத்தன் மாட்டுறதை இன்னொருத்தன் கழட்டுவான்.”

க்ளென் வாளியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். “கொடுத்த வாக்கைக் காப்பாத்தித் தொலைக்கிறேன்,” என்று முனகியபடி, கொண்டுவந்த காலிப் பெட்டிகளைத் திரும்பக் காரில் ஏற்றினான். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கும் நிற்கவில்லை. அவன் கிளப்பிய செம்புழுதி அடங்குவதற்குள் மேவிஸ் கெட்டிலைப் போட்டுவிட்டார்.

நெவிலின் கோப்பையில் தாராளமாகப் பாலை ஊற்றி நீட்டினார். நெவில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“என் சங்கத்து மானத்தையே வாங்கிட்டு ஒரு பொய் சொல்லியிருக்கேன் மிஸஸ் ட்ரெலோர். நீங்க ஒரு நிஜத்தைச் சொல்லுங்க. இந்த வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?”

மேவிஸ் பட்டாணிப் பையை அவிழ்த்து, சிவந்திருந்த விரல்களை ஊதிக்கொண்டார்.

“இன்னிக்குக் காலையில. பால் வாங்கப் போனப்ப.”