கிழங்கு சூப்

கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திய பிறகுதான் பேச்சி பையிலிருந்து அந்த நான்கு கால்களையும் வெளியே எடுத்தாள். சுற்றியிருந்த செய்தித்தாளிலும் தீயில் வாட்டிய வாடை ஏறியிருந்தது. அவற்றைக் குக்கரில் போட்டு மூடினாள்.

மண்ணூரில் இந்த அறையைக் கேட்டு வந்த அன்று அவள் சொன்ன பொய்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சைவம் என்றால்தான் வீடு என்றார்கள். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்கு வந்த தென்காசிப் பெண், "நாங்க சைவந்தாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பேரு இன்னா சொன்ன?"

"பேச்சிம்மா."

"பேச்சியா?" என்று மறுபடி கேட்டவள், வேறெதுவும் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் சுந்தராம்பாளின் கணவர் தாண்டவராயன் டாக்டரிடம் கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தார். இரண்டு மூட்டும் வீங்கி, வாசல்படியில்கூட உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், எலும்பிலிருந்து இறங்கும் பசை மூட்டுக்கு நல்லது என்றாராம் டாக்டர்.

"முருகனுக்கு வேண்டிக்கினு கறிய வுட்டவன் நான். காலே போனாலும் அத்தத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

பேச்சி குடிவந்த சில நாட்களில் சுந்தராம்பாள் அறை வாசலில் வந்து நின்றாள். "கொல்லிமலையில முடவாட்டுக்கால்னு ஒரு கிழங்கு கீதாம்டி. பாக்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்குமாம், சூப்பு வெச்சா ருசியும் அதேதானாம். உங்கூட வேல செய்ற பொண்ணுங்க யார்கிட்டயாச்சும் சொல்லி வாங்கி, நீயே வெச்சுக் குடேன். எனக்கு அதெல்லாம் வெக்கத் தெரியாது."

கம்பெனியில் தன் லைனில் வேலை செய்யும் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தாள் பேச்சி. ஒருத்திக்கும் அந்தக் கிழங்கைத் தெரியவில்லை. தாண்டவராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுவது மட்டும் தினமும் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையறியாமல் கறிக்கடை முன்னால் போய் நின்றாள்.

"சூட்டோட குடிச்சிருங்கய்யா. ஆறுனா கட்டிக்கிடும்" என்று தாண்டவராயனிடம் சூப்பை நீட்டினாள்.

"கிழங்கு ஜோரா கீதும்மா!" என்று டம்ளரை வழித்துக் குடித்தார் அவர்.

சூப் வைக்கும் நாளில், செவ்வாய் வெள்ளி இல்லாவிட்டாலும், சுந்தராம்பாள் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். அந்தப் புகையில் தன் குக்கர் வாடை அமுங்கிப்போவது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள் பேச்சி.

ஆடி பிறந்தபோது தாண்டவராயன் கடைத்தெருவுக்கு நடந்தே போய்வந்தார். "கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலையேறிக் காவடி எடுக்கப்போறேன். இது முருகன் குடுத்த காலு!"

அன்றிலிருந்து பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் கை தடுமாறி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். ஆட்டுக்கால் குடித்த மனுஷன், அது தெரியாமல் காவடியோடு சாமி முன்னால் போய் நிற்கப்போகிறாரே!

கிருத்திகை அன்று காலை அவர் குளிக்கப் போனதும், மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த சுந்தராம்பாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, ஐயாவ மலைக்கு விடாதீங்க. அது கிழங்கு இல்லம்மா, ஆட்டுக்கால். நான் சைவமும் இல்ல. இன்னைக்கே ரூமக் காலி பண்ணிருதேன்."

மஞ்சள் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள் சுந்தராம்பாள். குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசுடி. அவரு காதுல வுழப் போவுது! சாம்பிராணி போட்டுப் போட்டு என் கையே கறுத்துப்போச்சு, நீ இன்னாடான்னா ஊரக் கூட்டுற."

பேச்சி திகைத்துப்போய் நிமிர்ந்தாள். சுந்தராம்பாளின் கண்கள் கலங்கியிருந்தன.

"பாவம்னா அது எனக்கு வரட்டும். உங்க ஊருல பேச்சியம்மனுக்குக் கெடா வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னாடி வந்த சைவப் பொண்ணுங்களத் திருப்பி அனுப்பிட்டு, பேரைக் கேட்டுத்தாண்டி உனக்கு வூட்டையே குடுத்தேன்."