தாளம் இட்ட கை

முன்பின் அறியாத ஓர் அம்மாள் ஓதுவாருடைய மகளின் காலில் விழுந்துவிட்டாள்.

மனநலப் பிரிவின் தாழ்வாரம். மருந்துப் பொட்டலத்தோடு அவர் நின்றிருந்தார். அருகில் மகள், பதினைந்து வயது ஞானப்பூங்கோதை.

"மாசி மகத்துல நீங்க பாடுனதக் கேட்டவ தாயி. காலேசு போற எம்மவனுக்கும் ஒறக்கமில்ல, ஓயாத பேச்சு. இங்கதான் மாத்திர குடுக்காவ. நிப்பாட்டிறவா? ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

ஞானப்பூங்கோதை தந்தையைப் பார்த்தாள்.

சற்றுமுன் மருத்துவர் விளக்கியிருந்தார். இந்த வயதில் மூளை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பொங்கும் உணர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் முன்பகுதி கடைசியில்தான் முதிரும். மனம் அளவின்றிப் பொங்கியும் சோர்ந்தும் மாறும் இருமுனை நோய் கண்ட பிள்ளைகளிடம் அவ்வளர்ச்சி சற்றே வேறு வழியில் செல்வதாகத் தெரிகிறது. மருந்தும் உறக்கமும் துணை நிற்கும். இதில் எவர் குற்றமும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைச் சுட்டது.

மாசி மகத்தன்று, கோயில் மண்டபத்தில் தேவாரம் பாட அமர்ந்தவள் எழவேயில்லை. பதிகத்தின்மேல் பதிகம். கண்களில் ஒரு சுடர். அருள் இறங்கிவிட்டது என்றார்கள். கற்பூரம் காட்டினார்கள்.

பக்கத்தில் அமர்ந்து தாளம் இட்டவர் அவர்.

இரண்டாம் பதிகத்திலேயே பாட்டு தாளத்தை முந்தியது. பின்னர் ஒரு பதிகத்தின் அடி மற்றொன்றில் புகுந்தது. பண் சிதைந்தது. கூட்டத்தில் ஒருவரும் அறியவில்லை.

ஓதி ஓதிப் பழகிய அவர் செவி அறிந்தது.

அவர் நிறுத்தவில்லை.

தாளத்தை விரைவாக்கினார்.

அவள் அடியில் விழுந்தவர்களைக் கண்டு அன்று தம் நெஞ்சு எப்படிக் குளிர்ந்தது என்பதை அவரும் இறைவனுமே அறிவர்.

"எந்திரிங்கம்மா."

மீண்டும் சொன்னார்.

"எந்திரிங்க. அது அருள் இல்ல. எம் பிள்ளைக்குச் சீக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்க மவனுக்கு மாத்திரைய நிப்பாட்டிராதீங்க."

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பினர்.

அம்மாள் எழுந்தாள். முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். அவரை ஒருமுறை பார்த்தாள். மருந்து கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள்.

அவர் பெஞ்சில் அமர்ந்தார். மகள் சற்றுத் தள்ளி அமர்ந்தாள்.

"ஒண்ணுகூடவாப்பா நல்லா இல்ல?"

"மொதப் பதிகம்," என்றார். "அப்படி ஒரு பாட்ட நான் கேட்டதே இல்லம்மா."

அவள் மாத்திரையைப் பிரித்து வாயில் இட்டாள். தண்ணீர் குடித்தாள். அவர் மடிமேல் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது முடிஞ்சதும்," என்றாள், "தாளத்த நிப்பாட்டுவீங்களான்னு ஒங்க கையத்தாம்ப்பா பாத்தேன்."