பாறை உருண்ட பிறகு

விடிந்ததும் மொய்ரு கிழங்கு சுட்டான், தின்றான், தட்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான். மணலை அலசினான். ஒரு பொட்டுத் தங்கம்கூட மின்னவில்லை.

மின்னாது. வளைவில் கிடந்த பெரிய பாறைதான் ஒவ்வொரு வெள்ளத்திலும் தங்கத்தை மறித்துத் தன் காலடியில் வைத்துக்கொள்ளும். போன மாத வெள்ளம் பாறையையே உருட்டிவிட்டது. தங்கம் கீழே, அடுத்த குலத்தார் துறைக்குப் போய்விட்டது.

"என்ன மச்சான், கழுவின மணலையே கழுவுற? அதுக்குச் சளி பிடிச்சிடப் போகுது" என்று கேட்டபடி வந்தான் சினான்கோ, மொய்ருவின் செத்துப்போன பெண்டாட்டி பிபியானாவின் அண்ணன்.

"நான் எங்கம்மா ஊருக்கே போயிடறேன் மச்சான்."

சினான்கோவின் சிரிப்பு நின்றது.

பூகன்வில் தீவில் இந்த ஓடை பெண்வழிச் சொத்து. பெண்டாட்டி செத்தால், துக்க விருந்து முடிந்ததும் புருஷன் கிளம்பிவிட வேண்டும். மொய்ரு மட்டும்தான் தங்கியிருந்தான்.

"'எம் புருஷன் சாகுறவரைக்கும் இந்த ஓடையிலதான் இருக்கணும்.' அவளோட கடைசி வார்த்தைன்னு விருந்துல அழுதுக்கிட்டே சொன்னியே! செத்தவ சொல்லை மீறினா எங்க குலத்துக்கே ஆகாது. உன்னை எப்படி விடுவோம்?"

"தங்கமே இல்லையே மச்சான்."

"கிழங்கு இருக்குல்ல? தின்னுட்டுக் கிட."

மொய்ரு வெறும் தட்டைப் பார்த்தபடி நின்றான். பிபியானா செத்த அன்று குடிசையில் அவளும் அவனும் மட்டும்தான் இருந்தார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"தங்கந்தான் போக வழியில்லாம பாறைக்கடியில கிடக்குது. நீ ஏன்யா கிடக்கணும்? என்னைப் புதைச்சதும் உங்கம்மா ஊருக்குப் போயிடு."