சர்வர்காரர்

"இன்னைக்கும் அந்த லினக்ஸ் சர்வர்காரனா?" ஷூவைக் கழற்றும்போதே கணவன் கேட்டான்.

"ஆமா. மறுபடியும் நெட் வரலையாம்." பிராட்பேண்ட் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சாட்டில் பதில் சொல்வதுதான் அவள் வேலை.

"தினமும் உன்கிட்டயே வந்து நிக்கிறான். நீயும் 'பதறாதீங்க சார்'னு தாங்குற. நான் நாள் பூரா ஆபீஸ் கம்ப்யூட்டரோட மல்லாடிட்டு வந்து ஒண்ணு கேட்டா, எரிஞ்சு விழுற."

"அவர் வார்த்தைக்கு வார்த்தை நன்றி சொல்றார். நீங்க சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டேங்கிறீங்க."

"அவர், இவர்னு மரியாதை வேற." கணவன் ஷூவை மூலையில் தள்ளினான்.

"சும்மா இருங்க. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குது."

மறுநாள் மதியம் சர்வர்காரர் சாட்டில் வந்துவிட்டார்.

"மேடம், சர்வர்ல நெட் போச்சு. மொபைல்லேர்ந்து டைப் பண்றேன்."

"பதறாதீங்க சார். சர்வர்லேர்ந்து மோடத்துக்குப் பிங் பண்ணுங்க. பதில் வருதா?"

"வருது."

"வெளியில ஏதாவது ஒரு ஐபி நம்பருக்கு?"

"அதுவும் வருது. வெப்சைட் பேரை அடிச்சாதான் வரலை."

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. பேரை நம்பரா மாத்துற டிஎன்எஸ் வரியை யாரோ ஃபைல்லேர்ந்து அழிச்சிருக்காங்க."

"ரொம்ப நன்றி மேடம். நேத்து தலைவலின்னீங்களே, இப்ப பரவாயில்லையா?"

அவள் விரல்கள் அப்படியே நின்றன. தலைவலியைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான்.

மெதுவாக டைப் செய்தாள்.

"பரவாயில்லை சார். நீங்க அழிச்ச வரியைத் திரும்பப் போட்டுடுங்க. சாயங்காலம் என் புருஷனை ஆபீஸ்லயே விட்டுட்டு, நீங்க வீட்டுக்கு வாங்க."